சுங்கத்தில் சிக்கிய ரூஸ் அரசர்கள்

துபாய் விமான நிலையத்தில் என் அம்மியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அல் ஐனில் இருக்கும் தங்கை கோமதி கேட்டாளே என்று கோணியில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி, திருநெல்வேலியிலிருந்து நான் சுமந்து வந்த கருங்கல் அம்மி. கூடவே குழவி. அந்தக் குழவியால் ஓர் ஆளைத் தாராளமாகக் கொல்லலாம். சுங்க அதிகாரி அதைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார், ஓரமாகத் தள்ளிவைத்தார். வேட்டிகளுக்கு அடியில் இருந்த ஆறு நோட்டுகளைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது.

குற்றம் அட்டையில் இருந்தது. நம் ஊரில் நோட்டுக்கு அட்டை போட எதைத் தேடுவோம் என்பது பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் தெரியும். சோவியத் நாட்டிலிருந்து வரும் பளபளப்பான பத்திரிகை. சந்தா மலிவு, தாள் கனம், மழையில் நனைந்தாலும் கிழியாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவரும் படித்ததில்லை. என் ஆறு நோட்டுகளுக்கும் அதில்தான் அட்டை. ஒன்றில் தலையில் துணி கட்டிய பெண் டிராக்டர் ஓட்டினாள். இன்னொன்றில் ராக்கெட். மூன்றாவதில் ஒரு கோதுமை வயல் முழுக்கச் செங்கொடி.

"என்ன புத்தகம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அதிகாரி.

"வரலாறு" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பதினேழு வருடமாகக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவனுக்கு அது முடியுமா? "ரஷ்யாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான ரூஸ் மக்களின் ஆதி அரசர்கள், அவர்கள் நடத்திய போர்கள்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் காதில் ரஷ்யா, போர் என்ற இரண்டு வார்த்தைகள்தான் விழுந்தன. நோட்டுகள் உள்ளே போயின. ஒரு துண்டுச் சீட்டு என் கைக்கு வந்தது. அம்மியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த நோட்டுகளில் இருந்தது என் பதினோரு வருடம். கல்லூரி நூலகத்துக்கு இலவசமாக வந்து தூசி படிந்து கிடந்த ஆங்கிலப் புத்தகங்களில் ஆரம்பித்தது அந்தப் பைத்தியம். தமிழில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது என்று தெரிந்ததும் முற்றிப்போனது. நகல் எடுத்து வையுங்கள் என்று மனைவி நூறு தடவை சொன்னாள். நான் எடுக்கவில்லை. கடைசித் திருத்தங்களைத் தங்கை வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம் என்று கையோடு கொண்டுவந்தேன். பத்து நாளில் ஊர் திரும்பியாக வேண்டும், விடைத்தாள் திருத்தும் வேலை காத்திருந்தது. இது எழுபத்தாறாம் வருடம் மே மாதம்.

அல் ஐனுக்குப் போகும் வழியில் ரோட்டின் நடுவே ஓர் ஒட்டகம் உட்கார்ந்திருந்தது. தங்கை மாப்பிள்ளை சங்கரன், ரோடு போடும் கம்பெனியில் என்ஜினீயர், தான் போட்ட ரோட்டில் தானே முக்கால் மணி நேரம் நின்றார். ஒட்டகத்தை இடித்தால் ஜெயில் என்றார். மனிதனை இடித்தால் என்ன என்று கேட்டேன். அவர் ஹாரன் அடித்தார். ஒட்டகம் எங்களைப் பார்த்த பார்வை எங்கள் பிரின்சிபால் லீவு லெட்டரைப் பார்க்கும் பார்வையாக இருந்தது.

"அத்தான், வரலாறுன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்லா? ரஷ்யான்னு ஏன் சொன்னீங்க? இங்க அந்தப் பேரச் சொன்னாலே கம்யூனிஸ்டுன்னு ஆயிரும்" என்றார் சங்கரன்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின ராஜா எப்படி மாப்ள கம்யூனிஸ்ட் ஆவான்?"

"அத அந்த ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

கோமதி அன்றைக்கே அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்தாள். துவையல் பிரமாதம். நான் துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சங்கரன் என்னை துபாயில் தேரா கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் செய்யது காக்காவிடம் ஒப்படைத்தார். காக்கா கீழக்கரைக்காரர். துணிக்கடை. பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறார். என் வயதுதான், ஆனால் ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேசும் அரபியைக் கேட்டு அரபிகளே திரும்பிப் பார்ப்பார்கள். கடைக்கு மேலே ஓர் அறையில் ஒன்பது பேரோடு இருந்தார், அந்த வாரம் என்னையும் சேர்த்துப் பதினொன்று. ஒரே குளியலறை. காலையில் வரிசை அசையவில்லை. ரூஸ் வியாபாரிகள் எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார்கள் என்று நான் இரண்டாம் பக்கத்திலேயே முகம் சுளித்து எழுதியிருந்தேன். அதை மறுபடி யோசிக்க வேண்டும் என்று பட்டது.

நோட்டுகள் போய்ச் சேர்ந்த அலுவலகம், க்ரீக் என்னும் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம். அப்ரா என்னும் படகில் போக வேண்டும். படகு கரையைத் தொடுவதற்குள் எல்லாரும் குதித்துவிடுகிறார்கள். நானும் குதித்தேன். நான் கரையில், என் இடது கால் செருப்பு தண்ணீரில். கடலோடிகளைப் பற்றிப் பதினோரு வருடம் எழுதியவனுக்கு இது தேவைதான். காக்கா கரையோரக் கடையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டார், பச்சை நிறம்.

அந்த அலுவலகத்தின் மேலதிகாரியை முதீர் என்றார்கள். அங்கே மேனேஜருக்கு அதுதான் பெயர். ஐம்பது வயது இருக்கும், வெள்ளை அங்கி, நரைத்த குறுந்தாடி. முதல் வேலையாக நோட்டுகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு ஃபைலில் போட்டுக் கட்டினார். அட்டை விஷயம் முடிந்தது, இனி உள்ளே இருப்பது என்ன என்றார். இந்தத் தமிழ் எழுத்தைப் படிக்க அவரிடம் ஆள் இல்லை.

"நாமளே சொல்லணுமாம் சார்" என்றார் காக்கா. "ஒரு நாளைக்கு ஒரு நோட்டு. நீங்க தமிழ்ல சொல்லுவீக, நா அரபில சொல்லணும். ஆனா காயிதம் எம் பேர்லதான் இருக்குமாம். நாளைக்கு உள்ள வேற எதாச்சும் இருக்குன்னு தெரிஞ்சா உங்களத் தேட மாட்டாராம், நீங்க ஊர்ல இருப்பீக. என்னயத்தான் கேப்பாராம்."

"சரின்னு சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். வரலாறுதானே சார்?"

கணக்குப் போட்டேன். சனி முதல் வியாழன் வரை ஆறு நாள், ஆறு நோட்டு. வெள்ளி விடுமுறை. மறுநாள் சனிக்கிழமை என் விமானம். ஒரு நாள் தவறினாலும் பதினோரு வருடத்தை அந்த அலமாரியில் விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நோட்டைச் சொன்னேன். வடக்கே ஆற்றங்கரைக் காட்டில் பல குலங்கள். எந்நேரமும் அடிதடி. எங்கள் நிலம் பெரிது, வளம் உண்டு, ஒழுங்குதான் இல்லை, வந்து ஆளுங்கள் என்று கடலுக்கு அப்பால் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். ரூரிக் என்பவன் இரண்டு தம்பிகளோடு வந்தான். எங்கள் கல்லூரியில் துறைத் தலைவர் பதவிக்கு நான்கு பேர் சண்டை போட்டு, கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்ததுபோல என்று சேர்த்துக்கொண்டேன். காக்கா கோயம்புத்தூர்க்காரரையும் விடாமல் அரபியில் சொன்னார்.

முதீர் ஒரு கேள்வி கேட்டார். "இவர்கள் கம்யூனிஸ்டுகளா?"

"இல்லை. கம்யூனிஸ்டுகள் வந்தது ஆயிரம் வருடம் கழித்து."

"அதற்குள் இவர்கள் என்ன செய்தார்கள்?"

அந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் மாணவர்கள் பரீட்சைக்கு வருமா என்று கேட்பார்கள். மனைவி சாப்பிட வருகிறீர்களா என்று கேட்பாள். புத்தகத்தைப் பறித்து வைத்திருக்கும் மனிதர் அப்புறம் என்ன என்று கேட்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இடையே சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா, அந்த ஊர்க் காபி, ஊற்றினார்கள். குடித்தேன், ஊற்றினார்கள். மரியாதைக்குக் குடித்தேன், மறுபடி ஊற்றினார்கள். ஒன்பதாவது கிண்ணத்தில் காக்கா என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினார். கிண்ணத்தை ஆட்டினால்தான் போதும் என்று அர்த்தமாம். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ரூரிக்குக்குப் பின் ஆண்ட ஒலெக். கான்ஸ்டான்டிநோபிளைத் தாக்கப் போனவன் படகுகளுக்குச் சக்கரம் மாட்டி, பாய் விரித்து, தரையில் ஓட்டினான் என்று கதை. முதீர் இதை நம்பவில்லை. மணலில் லாரியே ஓடவில்லை, படகு எப்படி ஓடும் என்றார். அங்கே மணல் இல்லை, புல் என்றேன். புல்லைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி என்றார். உன் குதிரையால்தான் உனக்குச் சாவு என்று குறி சொன்னதைக் கேட்டு ஒலெக் குதிரையை ஒதுக்கி வைக்கிறான். அது செத்த பிறகு, பார்த்தாயா என்று எலும்பை மிதித்துச் சிரிக்கிறான். மண்டையோட்டிலிருந்து பாம்பு வந்து போட்டுத் தள்ளுகிறது. இதற்கு முதீர் ஆச்சரியமே படவில்லை. பாலைவனத்தில் எதையும் கம்பால் தட்டிப் பார்க்காமல் காலை வைக்கக் கூடாது என்றார்.

திங்கட்கிழமை ரூரிக்கின் மகன் இகோர். கிரேக்கர்கள் குழாயில் நெருப்பை ஊதி இவன் கப்பல்களைக் கொளுத்தினார்கள், தப்பி வந்தான். பிறகு காட்டுக்குள் இருந்த திரெவ்லியர்களிடம் கப்பம் வாங்கப் போனான். வாங்கினான். திரும்பும் வழியில் போதாது என்று தோன்றவே, படையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொஞ்சம் ஆட்களோடு மறுபடி போனான். அவர்கள் இவனைப் பிடித்து, வளைத்த இரண்டு மரங்களில் கால்களைக் கட்டி மரத்தை விட்டுவிட்டார்கள். காக்கா இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அறையில் தட்டச்சு நின்றது. அங்கே டைப்பிஸ்டாக இருந்த திருச்சூர்க்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மதிய சாப்பாடு அந்த வாரம் முழுக்க எனக்கு குபூஸும் தயிரும்தான். குபூஸ் என்பது அங்கத்து ரொட்டி. சூடாக இருந்தால் ரொட்டி, ஆறினால் என் பச்சைச் செருப்பு. சைவப் பிள்ளைமாருக்கு இந்த ஊரில் வேறு கதி இல்லை. மற்ற ஒன்பது பேரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட, காக்கா மட்டும் தினமும் என் பக்கத்தில் வந்து தயிரைத் தொட்டுக்கொண்டார். தனியாகச் சாப்பிட்டால் இறங்காது என்றார்.

செவ்வாய்க்கிழமை ஓல்காவின் நாள். நாங்கள் போகும்போது அறையில் பன்னிரண்டு பேர். ராணியின் பழிவாங்கலைக் கேட்க வந்தவர்கள். இகோரைக் கொன்றவர்கள் அவன் விதவையிடமே, எங்கள் தலைவனைக் கட்டிக்கொள் என்று தூது அனுப்புகிறார்கள். நடக்காதீர்கள், படகோடு உங்களைத் தூக்கி வரச் சொல்கிறேன் என்கிறாள் ஓல்கா. படகோடு தூக்கிவந்து, குழியில் போட்டு, உயிரோடு மூடுகிறாள். அடுத்து வந்த பெரிய மனிதர்களைக் குளிக்கச் சொல்லி, குளியல் வீட்டைக் கொளுத்துகிறாள். கணவனுக்குக் கருமாதி விருந்து என்று கூப்பிட்டு, குடிக்க வைத்து, வெட்டுகிறாள். மிஞ்சிய ஊரிடம் கப்பமாக வீட்டுக்கு மூன்று புறா, மூன்று குருவி கேட்கிறாள். அவற்றின் காலில் கந்தகத் துணியைக் கட்டி, பற்றவைத்துப் பறக்கவிடுகிறாள். பறவைகள் தத்தம் கூட்டுக்குப் போக, ஊர் எரிகிறது.

முதீர்தான் முதலில் வாய் திறந்தார்.

"சரியான பெண்பிள்ளைங்குறார் சார்" என்றார் காக்கா. "ஆனா விருந்துக்குக் கூப்புட்டு வெட்டுனது தப்பாம். வீட்டுல சாப்புட்டவன வெட்டக் கூடாதாம். மத்த மூணும் சரியாம்."

புதன்கிழமை அவள் மகன் ஸ்வியாதஸ்லாவ். மொட்டைத் தலையில் ஒரு குடுமி, கூடாரம் கிடையாது, சேணம்தான் தலையணை. சண்டைக்கு முன்னால் வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டுத்தான் வருவான். கஜார்களை ஒழித்தான், பல்கேரியாவுக்குப் போனான், கிரேக்கர்களோடு மோதினான். திரும்பும்போது பெச்சனேகர்கள் ஆற்றில் மடக்கிக் கொன்று, மண்டையோட்டுக்குத் தங்கம் பூசிக் குடிக்கிற கிண்ணம் ஆக்கிக்கொண்டார்கள். முதீர் தன் கஹ்வாக் கிண்ணத்தை ஒருமுறை பார்த்துக் கீழே வைத்தார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டினார். நாளையோடு முடிகிறதே என்று வருத்தப்பட்டாராம்.

அன்று மதியம், தயிரைத் தொட்டுக்கொண்டே காக்கா, "நாளைக்கு யாரு சார்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறாவது நோட்டு ஸ்வியாதஸ்லாவின் மகன் விளாதிமிர். சிலை வணக்கம் போதும், நல்ல மார்க்கம் ஒன்றை எடுக்கலாம் என்று எல்லா மதத்தாரையும் கூப்பிட்டுக் கேட்டவன். முஸ்லிம்கள் வந்து சொன்னதை ஆசையாகக் கேட்டான். மது கூடாது என்றதும் எழுந்துவிட்டான். ரூஸ்காரனுக்குக் குடிதான் சந்தோஷம், அது இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டான். கடைசியில் கிரேக்கர் மார்க்கத்தில் சேர்ந்தான். இதை மெதுவாகக் காக்காவிடம் சொன்னேன். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இத விட்டுருவோம் காக்கா. கிரேக்க மதத்துல சேந்தான், அவ்வளவுதான்."

"விட முடியாது சார்."

"சொன்னா நோட்டு திரும்பி வராது. என் பதினோரு வருசம்."

"சார், நா பதினெட்டு வருசமா இங்க துணி விக்கிறேன். அரபி என்னய நம்பித்தான் நம்ம ஆளுககிட்டப் பேசுறான். நம்ம ஆளுக என்னய நம்பித்தான் அரபிகிட்டப் பேசுறாங்க. ஒரு சொல்ல முழுங்குனேன்னு தெரிஞ்சா அன்னையோட கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. என் கபீல் காதுக்குப் போனா பாஸ்போர்ட்ட கையில குடுத்து ஊருக்கு அனுப்பிச்சுருவான். எழுதுனது நீங்க. எழுதுனதச் சொல்லுங்க."

கபீல் என்றால் அங்கே இவருக்குப் பொறுப்பு நிற்கும் அரபி. அவர் கைவிட்டால் கடையும் இல்லை, விசாவும் இல்லை. எனக்கு இது புரிந்தது. புரிந்தும், வியாழக்கிழமை காலை அப்ராவில் உட்கார்ந்து விளாதிமிர் கதையைச் சுருக்கிக்கொண்டே போனேன். செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காகக் குதித்தேன்.

அறையில் இடம் இல்லை. வாசலில்கூட நின்றார்கள். அண்ணனோடு சண்டை, சிலைகள், மனைவிமார் என்று நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடம் வந்ததும், "பல மதங்களையும் விசாரித்து, கடைசியில் கிரேக்க மதத்தில் சேர்ந்தான்" என்று ஒரே மூச்சில் தாண்டினேன்.

காக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. முதீர் பக்கம் திரும்பி அரபியில் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. நடுவில் குடிப்பதுபோலக் கையை வாயருகே கொண்டுபோனார். திருச்சூர்க்காரர் தரையைப் பார்த்தார்.

முதீர் காக்காவை விட்டுவிட்டு என்னிடம் நேராக, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். "நீ நான்கு வார்த்தை பேசினாய். இவர் நாற்பது வார்த்தை பேசினார். நோட்டில் இருப்பது எது?"

பொய் சொல்ல இன்னும் வாய்ப்பு இருந்தது. இவர் தானாகச் சேர்த்துக்கொண்டார் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

"இவர் சொன்னதுதான்" என்றேன்.

முதீர் தாடியைத் தடவினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"குடிய விட முடியாதுன்னு வாசல்லயே சொல்லிட்டானே, நேர்மையான குடிகாரன்ங்குறார்" என்றார் காக்கா, அவரும் சிரித்துக்கொண்டே. "உள்ள வந்து ஒளிச்சு வச்சுக் குடிக்கிறவன இவருக்குத் தெரியுமாம்."

காகிதம் வந்தது. காக்கா கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. முதீர் ஆறு நோட்டுகளையும் அடுக்கி, நான் நீட்டிய கையைத் தாண்டி, காக்காவின் கையில் கொடுத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். விரலால் என்னைக் காட்டி, தாழ்ந்த குரலில், நிதானமாக ஐந்து நிமிடம் பேசினார். அரபி தெரிந்தவர்கள் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. காக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"நோட்ட எடுத்துக்கிட்டுப் போகலாமாம் சார்" என்றார்.

வெளியே வந்தோம். க்ரீக்கரை வெயில் கண்ணைக் குத்தியது. நோட்டுகளை என் கையில் வைத்தார்.

"அவ்வளவு நேரம் என்ன சொன்னார் காக்கா?"

"வேற ஒன்னுமில்ல சார். வெயிலு ஏறுது, நடங்க."

ஆறு நாளில் அவர் மொழிபெயர்க்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.